பக்கவாதம்: எம்.ஆர்.ஐ. இருக்கும்போது முதலில் சி.டி. எதற்கு?

கேள்வி (ரேடியோகிராபி மாணவர்)

வாய் கோணி, வலது கை கால் விழுந்து 2 மணி நேரத்துக்குள் வருபவருக்கும் கான்ட்ராஸ்ட் (ரத்தக் குழாய்களைப் பளிச்சென்று காட்ட ஏற்றும் மருந்து) இல்லாத சி.டி.தான் முதலில். பல சமயம் படம் நார்மல். எம்.ஆர்.ஐ. டிஃப்யூஷனில் (திசுவில் நீரின் அசைவைக் காட்டும் படம்) அடைப்பின் பாதிப்பு பளிச்சென்று தெரியுமே, நேராக அதற்கே போகக் கூடாதா?

பதில் (நியூரோ ரேடியாலஜி)

அந்த நார்மல் படம்தான் ஊசிக்கு வழிவிடுகிறது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஆல்டிபிளேஸ் ஊசியை அறிகுறி தொடங்கி 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். மூளையில் ரத்தக் கசிவு இருந்தால் போடவே கூடாது. புதிய ரத்தம் 50 முதல் 70 ஹவுன்ஸ்ஃபீல்டு (சி.டி.யில் அடர்த்தியைக் குறிக்கும் எண்), வெள்ளையாகத் தெரியும். சி.டி. சில நிமிட வேலை. எம்.ஆர்.ஐ. என்றால் காந்தம், அதனால் பேஸ்மேக்கர், அனியூரிசம் கிளிப் (மூளைக் குழாய் வீக்கத்துக்குப் போட்ட உலோகக் கவ்வி) எல்லாம் விசாரிக்க வேண்டும். பேச்சு போனவரிடம் எப்படிக் கேட்பது?

அடைப்பு சி.டி.யில் ஏன் தெரிவதில்லை? திசுவில் நீர் 1 சதவீதம் கூடினால் எண் சுமார் 2.5தான் குறையும். வழக்கமான 80 அகல விண்டோவில் (கறுப்பு முதல் வெள்ளை வரை காட்டும் எண் வரம்பு) அது கண்ணில் படாது. அகலம் 40, மையம் 40 என்று குறுக்கிப் பாருங்கள்: இன்சுலா (மூளையின் பக்கவாட்டில் உள்ளே மடிந்த பகுதி) ஓரம் மங்கியிருக்கலாம், எம்.சி.ஏ. (மூளையின் நடுத் தமனி) வெள்ளைக் கோடாகத் தெரியலாம்.

பதில் (எம்.ஆர்.ஐ. டெக்னாலஜிஸ்ட்)

எம்.ஆர்.ஐ. கட்டாயம் கைகொடுக்கும் இடங்கள் உண்டு. தூங்கி எழும்போதே கை கால் விழுந்திருந்தால் தொடங்கிய நேரம் தெரியாது. டிஃப்யூஷனில் வெளுத்த இடம் ஃபிளேரில் (மூளைநீரின் வெளுப்பை அடக்கி எடுக்கும் எம்.ஆர்.ஐ. படம்) இன்னும் தெரியவில்லை என்றால் 4.5 மணி நேரம் தாண்டியிருக்க வாய்ப்பு குறைவு. 2018இல் வெளியான வேக்-அப் ஆய்வு இதை வைத்துத்தான் ஊசி போட்டது. சிறுமூளை, மூளைத்தண்டு இரண்டிலும் சி.டி. தடுமாறும், காதெலும்புகளுக்கு நடுவே கறுப்புப் பட்டைகள் விழுந்து மறைக்கும்.

பி-1000 படத்தை (வழக்கமான டிஃப்யூஷன் படம்) மட்டும் நம்பாதீர்கள். ஏ.டி.சி. மேப்பிலும் (நீரின் அசைவைக் கணக்கிட்டுக் காட்டும் படம்) அதே இடம் கறுத்திருந்தால்தான் புதிய பாதிப்பு. கறுக்காவிட்டால் பழைய டி-2 வெளுப்பு (நீர் கூடிய திசு எம்.ஆர்.ஐ.யில் வெளுத்துத் தெரிவது) ஊடுருவித் தெரிவதாக இருக்கலாம். முதல் நாளில் மூளைத்தண்டின் சிறு அடைப்பு டிஃப்யூஷனிலும் தவறலாம். அறிகுறி வலுவாக இருந்தால் திரும்ப எடுக்க வேண்டும்.

மாணவர்: நன்றி சார். சி.டி. ஆஞ்சியோவையும் (கான்ட்ராஸ்ட் ஏற்றி ரத்தக் குழாய்களை எடுக்கும் படம்) அப்போதே முடித்துவிடலாமா?

பதில் (சி.டி. டெக்னாலஜிஸ்ட்)

முடிக்க வேண்டும். பெரிய ரத்தக் குழாயில் அடைப்பு என்றால் ரத்தக்கட்டியை உறிஞ்சி எடுக்க, தகுந்தவர்களுக்கு 24 மணி நேரம் வரை வாய்ப்புண்டு. வலது முழங்கை மடிப்பில் பச்சை வென்ஃப்ளான் (சிரையில் செருகும் குழாய்), நொடிக்கு 4 மி.லி. வேகம். இடது கையில் ஏற்றினால் மார்பைக் கடக்கும் சிரையில் அடர்ந்த கான்ட்ராஸ்ட் தங்கி, மகாதமனி வளைவின் கிளைகள் கோடுகளில் மறையும். படம் அந்த வளைவில் தொடங்கி உச்சி வரை போக வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருப்பதாகத் தெரியாதவருக்கு கிரியாட்டினின் (சிறுநீரக ரத்தப் பரிசோதனை) முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம்.