பத்து நிமிடத்தில் அடங்கிவிடும் பேக்பைப் பேஸ் டிரோன்: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்
கிளாஸ்கோவில் இருக்கிறோம். என் மகள் பேக்பைப் (பையில் காற்றை ஊதி வாசிக்கும் ஸ்காட்லாந்துக் குழல் வாத்தியம்) வாசிக்கிறாள், 14 வயது. ஆகஸ்டில் இங்கே பைப்பிங் லைவ் என்ற பேக்பைப் இசை விழா. இளையவர்களுக்கும் மேடை தரும் விழா என்பதால் இரவும் பகலும் அதே நினைப்பாக இருக்கிறாள். மூன்று வாரமாக, வாசிக்கத் தொடங்கிய பத்தாவது நிமிடம் பேஸ் டிரோன் (கீழ்ச் சுருதியை விடாமல் ஒலிக்கும் நீளக் குழல்) கரகரத்து நின்றுவிடுகிறது. அதைவிட மேல் சுருதியில் ஒலிக்கும் டெனர் டிரோன்கள் இரண்டும் ஒழுங்காக ஒலிக்கின்றன.

கருமரக் குழல்கள், ஜிப் வைத்த செயற்கைப் பை, பிளாஸ்டிக் ரீடுகள் (காற்றில் அதிர்ந்து ஒலி எழுப்பும் நாக்குள்ள துண்டுகள்). மூட்டுகளில் மெழுகு நூலைப் புதிதாகச் சுற்றினேன். துளைகளைத் தக்கையால் அடைத்து ஊதிப் பார்த்தோம், பையில் கசிவு இல்லை. ரீடின் நாக்கைப் பிடித்திருக்கும் கட்டு வளையத்தை மயிரிழை அளவு நகர்த்தியும் பார்த்தாயிற்று. கழற்றினால் ரீடின் நாக்கில் முத்துமுத்தாக ஈரம். துடைத்து மாட்டினால் மறுபடியும் பத்து நிமிடம்தான்.

பேஸ் ரீடில் மட்டும் ஈரம் சேராமல் தடுக்க என்ன செய்யலாம்?