பழைய பொம்மைக் காருக்கு ஏன் இத்தனை விலை?

பினாங்கு வாசகி:

வணக்கம். பணி ஓய்வு பெற்ற என் அண்ணன் அண்மையில் கோலாலம்பூரில் ஒரு சேகரிப்பாளரிடம், 1960-களில் வெளிவந்த மேட்ச்பாக்ஸ் மஸ்டாங் பொம்மைக் கார் ஒன்றை அட்டைப்பெட்டியுடன் 900 ரிங்கிட் கொடுத்து வாங்கினார். ஆரஞ்சு நிறம், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு நெம்புகோலை அசைத்தால் முன்சக்கரங்கள் திரும்புகின்றன. அண்ணன் ஊதாரி அல்லர். சேமநிதிப் பணத்தில் ஒரு காசைக்கூட யோசிக்காமல் எடுக்காதவர். பழைய பொருளுக்கு விலை அதிகம் என்பதை ஏற்றுக்கொள்கிறேன்; எனக்கு விளங்காதது வேறு. நாங்கள் கெடாவில் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். இப்படிப்பட்ட கார் எங்கள் வீட்டில் ஒருநாளும் இருந்ததில்லை. கையில் இருந்தே இராத ஒன்றின்மீது, இத்தனை வயதுக்குப் பிறகு எப்படி ஏக்கம் வரும்? இந்த விலையை நிர்ணயிப்பவர்தான் யார்?

செந்தூல் சேகரிப்பாளர்:

சகோதரிக்கு வணக்கம். விலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பழமை ஒன்றே போதுமென்றால், ஜப்பானியர் காலத்து வாழைமர நோட்டுகள் இன்று பெருவிலைக்குப் போக வேண்டும். கட்டுப்பாடின்றி அச்சடிக்கப்பட்டு 1945-இல் செல்லாக் காசாகிப்போன அந்த நோட்டுகள் பல வீடுகளில் கட்டுக்கட்டாகத் தங்கிவிட்டதால், சாதாரண நோட்டு இன்றும் மலிவாகவே கிடைக்கிறது. மேட்ச்பாக்ஸின் கதை இதற்கு நேர்மாறு. லண்டனில் லெஸ்னி நிறுவனம் 1953-இல் தொடங்கிய இந்தக் கார்கள், பிள்ளைகள் தம் கைக்காசில் வாங்கி மண்ணில் உருட்டி விளையாடுவதற்காகவே செய்யப்பட்டவை. மில்லியன் கணக்கில் விற்றன; விற்றவற்றில் பெரும்பாலானவை வண்ணம் உதிர்ந்து, அச்சு வளைந்து, கடைசியில் குப்பைக்குப் போயின. அட்டைப்பெட்டியோ வாங்கிய அன்றே கிழிந்தது. அதனால்தான் சில கார்களுக்குக் காரைவிடப் பெட்டி அரிதாக இருக்கிறது.

உங்கள் அண்ணனின் காரில் இன்னொரு செய்தியும் உண்டு. அந்த மஸ்டாங் 1966-இல் வெளிவந்தது. 1968-இல் அமெரிக்காவின் ஹாட் வீல்ஸ் வேகமாக ஓடும் சக்கரங்களோடு சந்தைக்கு வந்து பிள்ளைகளைக் கவர்ந்ததும், லெஸ்னி 1969 முதல் சூப்பர்ஃபாஸ்ட் என்ற பெயரில் தன் கார்களின் அச்சையும் சக்கரத்தையும் மாற்றத் தொடங்கியது. ஆகவே பழைய சக்கரம் உள்ள மஸ்டாங் சில ஆண்டுகளே வந்தது. அதிலும் வெள்ளை ஏராளம், ஆரஞ்சு சொற்பம். லெஸ்னியே 1982-இல் நொடித்துப்போய்க் கைமாறிவிட்டதால், அடிப்பகுதியில் அந்தப் பெயரும் இங்கிலாந்தும் பொறித்த கார் இனி ஒன்றுகூடப் புதிதாக வரப்போவதில்லை. இருக்கும் சிலவற்றை இரண்டு பேர் விடாப்பிடியாகக் கேட்டால் போதும், விலை எங்கோ போய்விடும்.

தோட்டத்துப் பிள்ளை:

அக்கா, உங்கள் முதல் கேள்விதான் என்னை எழுத வைத்தது. இல்லாததனால்தான் ஏக்கம் வருகிறது என்பேன். நானும் லயத்து வீட்டில் பிறந்தவன். சார்டின் டின்னில் துளையிட்டு, தேய்ந்த சிலிப்பரை வட்டமாக வெட்டிச் சக்கரம் மாட்டியதுதான் எங்கள் கார். உண்மையான பொம்மைக் காரைத் துரை பங்களாவின் வாசற்படியிலும், தீபாவளித் துணி எடுக்கப் பினாங்கு ரோட்டுக்கு வரும்போது கடைக் கண்ணாடிக்குள்ளும்தான் பார்த்திருக்கிறோம். அப்பாவின் சம்பளம் தெரிந்ததால் கேட்கவும் மாட்டோம். நடுவயதைக் கடந்தவர்களின் நினைவில் ஏறத்தாழ 10 முதல் 30 வயது வரையிலான காலமே மிக அடர்த்தியாகத் தங்கியிருக்கிறது என்று உளவியல் ஆய்வுகள் காட்டுகின்றன. அந்த வயதில் கைக்கு எட்டாமல் போனவையும் அந்த நினைவில் அடக்கம். பணம் கைக்கு வரும்போது பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள், வீட்டுக் கடன் இருக்கும். அவையெல்லாம் முடிந்து, தனக்கென்று செலவிட உங்கள் அண்ணனுக்கு இப்போதுதான் காலம் வாய்த்திருக்கிறது. அந்த 900 ரிங்கிட்டை வீண்செலவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஜெலுத்தோங் வாசகர்:

மேலே இருவரும் சொன்னது சரியே. ஆனால் அண்ணன் இதை முதலீடாக நினைத்துவிடக் கூடாது. 1991-இல் வெளிவந்த எக்ஸ்-மென் என்ற அமெரிக்கப் படக்கதையின் முதல் இதழ் 8 மில்லியன் படிகளுக்கு மேல் விற்றது. விலை ஏறும் என்று நம்பி வாங்கியவர்கள் உறையிலிட்டுப் பத்திரப்படுத்தியதால் இன்றும் அது மலிவுதான். பொம்மைக் கார்களிலும், ஏங்கிய தலைமுறை வாங்குவதை நிறுத்தினால் விலை இறங்கலாம்.

இன்னொன்று. ஆரஞ்சுக்கு விலை அதிகம் என்பதாலேயே வெள்ளைக் காருக்கு ஆரஞ்சு பூசி விற்பவர்களும் இருக்கிறார்கள். காரைத் திருப்பி, அடித்தட்டை உடலோடு பிணைக்கும் ரிவெட்டின் தலையைப் பூதக்கண்ணாடியில் பார்க்கச் சொல்லுங்கள். பிரிக்கப்படாத காரில் அது வழவழப்பாக இருக்கும். துளைபோட்ட கீறலோ, பசையோ, திருகாணியோ தென்பட்டால் யாரோ உடலைக் கழற்றியிருக்கிறார்கள் என்று பொருள். உள்விளிம்புகளில் வெள்ளை எட்டிப் பார்க்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். லோரோங் கூலிட் சந்தையில் வாங்கும்போதும் நான் முதலில் பார்ப்பது அடிப்பக்கத்தைத்தான்.

பினாங்கு வாசகி:

மூவருக்கும் மிக்க நன்றி. அண்ணனிடம் தொலைபேசியில் ரிவெட்டைப் பற்றிச் சொன்னேன். வாங்குவதற்கு முன்பே பார்த்துவிட்டதாகச் சொன்னார். பெட்டியின் ஒரு மடிப்பு கிழியும் நிலையில் இருக்கிறது. ஒட்டுநாடா போடலாமா?

செந்தூல் சேகரிப்பாளர்:

வேண்டவே வேண்டாம். நாளடைவில் அதன் பசை மஞ்சளாகி அட்டையைக் கெடுத்துவிடும். இங்குள்ள ஈரக்காற்று படாதபடி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள்.