நிலாவுக்கு முடியிறக்கம்: ஆவணியா, கார்த்திகையா?

குழுவின் பெயர்: பெரிய வீடு
குழு விளக்கம்: இங்கே கொச்சை வழக்கும் ஆங்கில எழுத்தும் தவிர்க்கப்பட வேண்டும். – பெரியப்பா

11 ஜூலை 2026, சனிக்கிழமை

காலை 9.12
சரவணன் (செங்காங், சிங்கப்பூர்): அனைவருக்கும் வணக்கம். நிலாவின் முடியிறக்கத்தையும் காதுகுத்தையும் எந்த நாளில் வைத்துக்கொள்வது என்று ஆடி பிறப்பதற்குள் முடிவு சொல்லிவிட்டால் எங்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும். கவின் இந்த ஆண்டு தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்துவிட்டான். பாலர் பள்ளியில் இருந்தபோது நினைத்த வாரத்தில் கிளம்பியதுபோல இனிக் கிளம்ப முடியாது. பள்ளி விடுமுறையில் பயணச்சீட்டு என்ன விலை விற்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

காலை 9.15
யீசூன் அத்தை: நல்ல செய்தி. நாளைச் சொல்லுங்கள்.

காலை 9.16
பட்டுக்கோட்டைச் சின்ன அத்தை: குழந்தைக்கு இன்னும் மூன்று வயது முடியவில்லையே?

காலை 9.20
சித்ரா: வருகிற ஜனவரியில் முடிகிறது, அத்தை. மூன்றாம் வயது நடக்கும்போதே செய்துவிட வேண்டும் என்று பெரிய மாமாதான் சொல்லியிருக்கிறார். எட்டாம் மாதத்தில் பிறந்து ஐந்து வாரம் மருத்துவமனையில் இருந்தபோது நேர்ந்துகொண்ட முடி என்பதால் இதுவரை கத்தரிக்கோல்கூடப் படவிடவில்லை. இந்த ஊர் வெக்கையில் கழுத்தெல்லாம் வேர்க்குரு. அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் விளையாடிவிட்டு மேலே வந்தால் தலையைத் துவட்டவே அரை மணி நேரம் ஆகிறது.

காலை 10.41
பெரியப்பா (அறந்தாங்கி): சரவணா, பஞ்சாங்கத்தை மடியில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பொறுமையாகப் படி. ஆடியில் செய்வதற்கில்லை. புரட்டாசியில் பெருமாளுக்கு விரதம் இருப்பவர்கள் நம் பங்காளிகளில் பாதிப் பேர், ஆகவே கருப்பருக்குக் கிடா வெட்டினால் உண்ண ஆள் இராது. ஐப்பசியில் அடைமழை. கார்த்திகை பிறந்துவிட்டால் முருகேசனும் அவன் மக்களும் ஊர் இளவட்டங்களும் சபரிமலைக்கு மாலை போட்டுவிடுவார்கள். மார்கழியில் சுபகாரியம் கிடையாது. தையில் வைக்கலாம் என்றால் குழந்தைக்கு மூன்று வயது முடிந்துவிடும். எஞ்சியிருப்பது ஆவணி ஒன்றுதான்.

காலை 10.44
சரவணன்: தையில் எங்களாலும் வர முடியாது, பெரியப்பா. இங்கே ஜனவரித் தொடக்கத்திலேயே புதிய கல்வியாண்டு ஆரம்பித்துவிடும். பொங்கலுக்கும் தைப்பூசத்துக்கும் பொது விடுமுறை இல்லை. தைப்பூசத்துக்கு 1968 வரை இருந்ததாக அத்தை சொல்லியிருக்கிறார்.

காலை 10.46
யீசூன் அத்தை: நான் பார்த்ததில்லை, என் மாமனார் சொன்னார். இந்த ஆண்டு தீபாவளி ஞாயிற்றுக்கிழமையில் வருவதால் மறுநாள் திங்களும் விடுமுறை. அந்த மூன்று நாளில் போய்விட்டு வரலாமே?

காலை 10.50
பெரியப்பா: நவம்பர் 8 ஐப்பசியில் வருகிறது. ஐப்பசியைப் பற்றி மேலே எழுதியிருக்கிறேன். தயவுசெய்து படித்துவிட்டுக் கருத்துரைக்கவும்.

காலை 10.51
யீசூன் அத்தை: அண்ணன் இன்னும் வகுப்பறையை விட்டு வெளியே வரவில்லை.

காலை 11.05
சரவணன்: பெரியப்பா, ஆவணிக்குள் விழுவது செப்டம்பர் விடுமுறைதான். 5ஆம் தேதி சனிக்கிழமை தொடங்கி 13ஆம் தேதி ஞாயிறு வரை. ஆசிரியர் தினத்துக்காக 4ஆம் தேதி வெள்ளியும் பள்ளி இல்லை. அதை விட்டால் நவம்பர் 21 முதல் ஆண்டு முடியும்வரை நீண்ட விடுமுறை. எங்கள் வசதியைக் கேட்டால் அதுதான் நல்லது, மூன்று வாரம் ஊரில் தங்கலாம். பிள்ளைகளும் தாத்தா வீடு என்றால் விமான நிலையத்துக்கும் விமான நிலையத்துக்கும் நடுவில் இருக்கும் ஓர் இடம் என்று நினைக்காமல் இருப்பார்கள்.

காலை 11.30
பெரியப்பா: நீ சொல்லும் செப்டம்பர் வாரம் முழுவதும் தேய்பிறை. 4ஆம் தேதி கோகுலாஷ்டமி. அமாவாசை 11ஆம் தேதி காலையில்தான் முடிகிறது. 12 சனிக்கிழமை, அன்று முடியெடுக்க மாட்டோம். 14 விநாயகர் சதுர்த்தி, அன்று உன் மகனுக்குப் பள்ளி திறந்துவிடும். ஆக, மிஞ்சுவது 13ஆம் தேதி ஞாயிறு ஒன்றே. கார்த்திகையில் டிசம்பர் 10க்கு மேல் வளர்பிறை இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கண்மாய் நிறைந்துவிட்டால் அய்யனார் கோயிலுக்குக் கரைமேல் நடக்கத்தான் முடியும், வாகனம் போகாது. 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் அடித்தபோது கோயில் வாசலில் இருந்த புளியமரம் வேரோடு சாய்ந்து, மண்குதிரை இரண்டும் நொறுங்கிப்போனதை நீயே வந்து பார்த்தாய். மறுநாள் கார்த்திகைப் பிறப்பு.

காலை 11.34
பட்டுக்கோட்டைச் சின்ன அத்தை: அந்தப் புயலில் எங்கள் தோப்பில் ஒரு தென்னைகூட மிஞ்சவில்லை. அதற்குக் கிடைத்த நிவாரணத்தைப் பற்றி எழுதினால் இந்தக் குழு தாங்காது.

காலை 11.35
பெரியப்பா: எழுத வேண்டாம்.

பிற்பகல் 12.20
யீசூன் அத்தை: நான் ஒன்று சொன்னால் கோபிக்கக் கூடாது. முடியை இங்கேயே யீசூனில் உள்ள புனிதமரம் பாலசுப்பிரமணியர் ஆலயத்தில் இறக்கிவிட்டு, தேக்காவில் ஒரு நகைக்கடையில் காதைக் குத்திவிட்டால் காலையில் போய் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். ஊருக்கு டிசம்பரில் நிதானமாகப் போய்ப் பொங்கல் வைத்துக் கும்பிட்டுக்கொள்ளலாம். என் பிள்ளைகள் இருவருக்கும் 1998இல் நான் இங்கேதான் செய்தேன். அவர்களுடைய காதில் தோடு நிற்கத்தான் செய்கிறது.

பிற்பகல் 12.31
பெரியப்பா: குலதெய்வத்துக்கு நேர்ந்த முடி குலதெய்வத்துக்குத்தான், தங்கச்சி.

பிற்பகல் 12.33
யீசூன் அத்தை: எனக்கும் குலதெய்வம் அதுதான் என்று அப்போது யாரும் பத்திரிகை அனுப்பி அழைக்கவில்லை, அண்ணன்.

பிற்பகல் 12.58
சரவணன்: அத்தை, அந்தக் கணக்கை நேரில் பார்த்துக்கொள்வோம். இப்போது 13ஆம் தேதியைப் பற்றி மட்டும் பேசுவோம்.

பிற்பகல் 1.40
செல்வம் (துவாஸ்): மன்னிக்கவும், இப்போதுதான் சாப்பாட்டு இடைவேளை. தாய்மாமனிடம் நாளைப் பற்றி யாரும் இதுவரை கேட்கவில்லை என்பதை மேலே படித்துத் தெரிந்துகொண்டேன்.

பிற்பகல் 1.42
சித்ரா: தம்பி, உன்னைக் கேட்காமல் எதுவும் நடக்காது. நாளே இன்னும் முடிவாகவில்லை.

பிற்பகல் 1.55
செல்வம்: கவினுக்கு நடந்ததை நான் மறக்கவில்லை, அக்கா. 2020 ஏப்ரலில் எங்கள் விடுதியை மூடினார்கள். ஆவணியில் நீங்கள் ஊரில் காது குத்தினீர்கள். பன்னிரண்டு பேர் படுக்கும் அறையில் மேல்கட்டிலில் உட்கார்ந்து, சம்பளத்தில் வாங்கி வைத்த கால் பவுன் கடுக்கனைக் கையில் பிடித்துக்கொண்டு, என் மருமகன் கவின், முருகேசன் மாமா மடியில் அழுவதைக் காணொளியில் பார்த்தேன். அப்பனின் சித்தப்பன் மடியில் வைத்துக் காது குத்துவது எந்த ஊர் வழக்கம் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

பிற்பகல் 2.03
திருச்சி முருகேசன்: விமானமே பறக்காத காலத்தில் வேறு யாருடைய மடியில் உட்கார வைப்பது? சித்ராவும் குழந்தையும் மார்ச்சில் வந்து மாட்டிக்கொண்டார்கள், மாப்பிள்ளை சரவணன் சிங்கப்பூரில் மாட்டிக்கொண்டான். நான் முன்வந்து உட்கார்ந்தேன். என் வேட்டியை நனைத்தது யார் என்பதையும் குறிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிற்பகல் 2.05
சரவணன்: சித்தப்பா, நான் உங்களுக்கு மகன் முறை. நீங்களே மாப்பிள்ளை என்று எழுதினால் பெரியப்பா திருத்தப்போகிறார்.

பிற்பகல் 2.06
பெரியப்பா: திருத்துகிறேன்.

பிற்பகல் 2.30
சரவணன்: மாப்பிள்ளை செல்வம், இந்த முறை மடி உன்னுடையதுதான், அதில் இரண்டாம் பேச்சு இல்லை. செப்டம்பர் 13 என்றால் உனக்கு விடுப்புக் கிடைக்குமா என்பதை மட்டும் சொல்.

பிற்பகல் 2.34
செல்வம்: ஆண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் ஊர் விடுப்பைப் பொங்கலுக்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டேன், மச்சான். செப்டம்பரில் ஒரு கப்பல் உலர்துறைக்கு வருகிறது, மேற்பார்வையாளர் நல்ல மனிதர்தான், ஆனால் அந்த வாரத்தில் கேட்டால் முகம் மாறும். வெள்ளி இரவு கிளம்பி ஞாயிறு இரவு திரும்புவதாக இருந்தால் கேட்டுப்பார்க்கிறேன். திருச்சிக்கு நான்கு மணி நேரம்தானே.

மாலை 6.48
பட்டுக்கோட்டைச் சின்ன அத்தை: இரண்டு நாளுக்கு வருவதானாலும் கோடாலித் தைலம் வாங்கி வரவும். சென்ற முறை கொடுத்ததைச் சம்பந்தி எடுத்துக்கொண்டு போய்விட்டார். பெரிய புட்டி நான்கு போதும்.

மாலை 6.50
திருச்சி முருகேசன்: எனக்கும் இரண்டு.

மாலை 6.55
பட்டுக்கோட்டைச் சின்ன அத்தை: கிடாக்கறியில் உப்புக்கண்டம் போட்டுத் தருகிறேன், சித்ரா அதைச் சிங்கப்பூருக்கு எடுத்துச் செல்லட்டும்.

மாலை 7.02
யீசூன் அத்தை: இந்தியாவிலிருந்து இறைச்சி எதையும் உள்ளே விட மாட்டார்கள். சாங்கி விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்தால் எல்லோருக்கும் தலைகுனிவு. அப்பளமும் வடகமும் தாருங்கள்.

இரவு 9.10
சித்ரா: பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள், அதனால் இதைச் சொல்கிறேன். கிடாவைப் பற்றி ஒரு சங்கடம் இருக்கிறது. நேர்ந்துவிட்ட அந்தக் குட்டியைப் பெரிய மாமா தினமும் மாலையில் காணொளியில் காட்டுகிறார் அல்லவா? கவின் அதற்கு மைலோ என்று பெயர் வைத்திருக்கிறான், நிறம் அந்தப் பானத்தைப் போலவே இருக்கிறதாம். சென்ற வாரம் தமிழ் வகுப்பில் பிடித்ததைப் பற்றிப் பேசச் சொன்னபோது, வீட்டில் அக்கறையே இல்லாமல் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பிள்ளை, எழுந்து நின்று ஐந்து நிமிடம் மைலோவைப் பற்றித் தமிழில் பேசியிருக்கிறான். அது வேலியைத் தாண்டியதையும், தாத்தாவின் துண்டை மென்றதையும், அகத்திக்கீரை என்றால் ஓடிவருவதையும் சொன்னானாம். ஆசிரியை எனக்குத் தனியாகத் தகவல் அனுப்பிப் பாராட்டினார். அவனிடம் அது எதற்காக வளர்கிறது என்று நான் இன்னும் சொல்லவில்லை.

இரவு 9.14
யீசூன் அத்தை: ஐயோ.

இரவு 9.15
செல்வம்: என்னிடமும் படத்தைக் காட்டினான். சென்ற ஞாயிறு அவனையும் நிலாவையும் உபின் தீவுக்குப் படகில் அழைத்துப் போயிருந்தேன், அங்கே சேவலைப் பார்த்துவிட்டு, மைலோவை இங்கே கொண்டுவந்து விடலாமா என்று கேட்டான். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

இரவு 9.40
திருச்சி முருகேசன்: நாமெல்லாம் வளர்த்த கிடாவை வெட்டி உண்டு வளர்ந்தவர்கள்தாம். அழுதோம், பிறகு சாப்பிட்டோம்.

இரவு 9.43
சித்ரா: நீங்கள் அழுதபோது பக்கத்தில் உங்கள் அப்பத்தா இருந்தார், சின்ன மாமா. அவன் மறுநாள் காலை ஏழரை மணிக்குப் பள்ளியில் கொடியேற்றத்துக்கு நிற்க வேண்டும். காது புண்ணோடு நிலா ஒரு பக்கம், இவன் ஒரு பக்கம் என்று இரவு விமானத்தில் நான்தான் சமாளிக்க வேண்டும். ஞாயிறு முடிந்த கையோடு திரும்புவது எனக்கு மனமில்லை என்பதையும் இங்கே பதிவுசெய்கிறேன்.

இரவு 11.58
பெரியப்பா: இங்கே மணி ஒன்பதரைதான், உங்களை எழுப்பியிருந்தால் பொறுத்துக்கொள்ளவும். ஆட்டுக்கு மைலோ என்று பெயர் வைத்திருப்பது எனக்கு இன்றுதான் தெரியும். அந்தப் பெயரைச் சொல்லித்தான் அவன் கூப்பிடுகிறான் என்று அறியாமல், நான் ஏதோ பள்ளிப்பாட்டு என்று இருந்துவிட்டேன். அய்யனார் சைவம், கருப்பருக்குப் படைக்கும்போது அவருக்குத் திரை போட்டு மறைப்போம் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. அந்தத் திரைக்கு இந்தப் பக்கம் பிள்ளைகளை நிறுத்தலாம். அல்லது சந்தையில் வேறொரு கிடா பிடித்துவிட்டு, இதைக் கோயிலுக்கே உயிரோடு விட்டுவிடலாமா என்று பூசாரியைக் கேட்க வேண்டும். நேர்ந்ததை மாற்றுவது என் ஒருவன் முடிவன்று. பங்காளிகளைக் கேட்காமல் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

12 ஜூலை 2026, ஞாயிற்றுக்கிழமை

காலை 8.05
திருச்சி முருகேசன்: வேறு கிடா என்றால் இன்றைய விலைக்கு யார் கொடுப்பது?

காலை 8.20
யீசூன் அத்தை: நான் கொடுக்கிறேன். ஆனால் பத்திரிகையில் என் பெயரும் என் வீட்டுக்காரர் பெயரும் அச்சாக வேண்டும்.

காலை 8.26
பெரியப்பா: அச்சாகும், தங்கச்சி.

காலை 8.27
யீசூன் அத்தை: ஊரில் எல்லோருக்கும் காட்ட, இந்தச் செய்தியைப் படம் பிடித்து வைத்துக்கொண்டேன்.

காலை 9.00
சரவணன்: அப்படியானால் நான் இப்படிப் புரிந்துகொள்ளலாமா? நாங்கள் செப்டம்பர் 4 இரவு கிளம்பி ஒன்பது நாள் ஊரில் இருக்கிறோம். செல்வம் 11 இரவு வருகிறான். 13 காலை கோயில், அன்று இரவே அவனும் நானும் கவினும் திரும்புகிறோம். சித்ராவும் நிலாவும் காது ஆறும்வரை ஒரு வாரம் அங்கேயே தங்கிவிட்டு வருகிறார்கள். நாளை இரவு பயணச்சீட்டு எடுத்துவிடுகிறேன்.

காலை 9.04
சித்ரா: நான் தங்குவதற்கு ஒப்புக்கொள்ளவில்லை, யோசிக்கிறேன் என்றுதான் சொன்னேன். கவினுக்கு யார் சமைப்பது?

காலை 9.05
யீசூன் அத்தை: என்னிடம் விடு. ரயிலில் வந்துபோகக்கூடிய தூரம்தானே.

காலை 9.20
செல்வம்: திங்கட்கிழமை மேற்பார்வையாளரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன். கம்மலை இந்த முறை நான்தான் வாங்குவேன், சிராங்கூன் சாலையில் பார்த்து வைத்திருக்கிறேன்.

காலை 9.31
பட்டுக்கோட்டைச் சின்ன அத்தை: கம்மல் நம்மூர் ஆசாரியிடம் செய்தால்தான் குழந்தையின் காதுக்கு உறுத்தாது.

காலை 9.32
செல்வம்: கடுக்கன் ஒன்று இன்னும் என் பெட்டியில் அப்படியே இருக்கிறது, அத்தை. வேண்டுமானால் அதையே ஆசாரியிடம் கொடுத்து உருக்கிச் செய்யச் சொல்லலாம்.

காலை 9.50
சித்ரா: அதையே செய், தம்பி.

காலை 10.45
பெரியப்பா: சரவணா, பயணச்சீட்டை எடுத்துவிடு. ஆனால் 13ஆம் தேதிக்கு உரிய நேரத்தைச் சோதிடரிடம் வெள்ளிக்கிழமை கேட்கிறேன், அதுவரை எடுக்காதே.

காலை 10.47
சரவணன்: இரண்டில் எதைச் செய்வது, பெரியப்பா?

காலை 11.15
பெரியப்பா: கவின் விழித்துவிட்டானா? ஆடு வேலியைத் தாண்டி எதிர்வீட்டு முருங்கையை மேய்ந்துகொண்டிருக்கிறது, காணொளியில் கூப்பிடச் சொல்.