லெசோத்தோ மலைக் கிராமங்கள் வழியே நடைப்பயணம்: வழிகாட்டி தேவையா?

நடையன் கேட்கிறார்:
அடுத்த ஏப்ரலில் அலுவல் நிமித்தம் ஜோகன்னஸ்பர்க் செல்கிறேன். பணி முடிந்தபின் ஒரு வாரம் லெசோத்தோ மலைகளில் நடக்க எண்ணியுள்ளேன். ஏற்றங்களில் நடந்து பழகியவன் என்பதால் உடல் களைப்பைப் பற்றிய கவலை இல்லை. கிராமத்து மக்களைக் காட்சிப்பொருளாகப் பார்த்துவிட்டு வரும் பயணமாக இது ஆகிவிடக் கூடாதே என்பதுதான் தயக்கம். வழிகாட்டி இல்லாமல் நடக்கலாமா, கூடாரம் அடிக்க யாரிடம் அனுமதி கேட்பது, சிறுவர்களுக்கு மிட்டாய், பேனா முதலியவற்றை எடுத்துச் செல்லலாமா என்பதைச் சென்று வந்தவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

மலைவாசி:
செமொன்கொங் பகுதியிலிருந்து தொடங்குங்கள். தலைநகர் மசேருவிலிருந்து அங்கே செல்லச் சாலை உண்டு. 192 மீட்டர் உயரத்திலிருந்து விழும் மலெட்சுன்யானே அருவியும் அருகில்தான். அங்குள்ள பாதைகள் பயணிகளுக்காக அமைத்தவை அல்ல. மாடு மேய்ப்பவர்களும், கழுதையில் மாவு மூட்டை ஏற்றி வருபவர்களும், மட்டக்குதிரையில் அடுத்த ஊருக்குப் போகிறவர்களும் அன்றாடம் நடந்து உண்டான தடங்கள் அவை. ஆகவே திசைப்பலகைகளை எதிர்பார்க்க வேண்டாம். அந்தந்த ஊரைச் சேர்ந்த வழிகாட்டியை அமர்த்திக்கொள்வதே நல்லது. வழி தெரிவதற்காக மட்டும் சொல்லவில்லை. அவரை அறிந்தவர்கள் வழிநெடுக இருப்பதால், நீங்கள் ஓர் அந்நியராக அன்றி அவருடைய விருந்தாளியாக ஊருக்குள் நுழைகிறீர்கள்.

வேலி இல்லை என்பதால் கேட்பாரற்ற நிலம் என்று எண்ணிவிடாதீர்கள். அந்நாட்டு அரசமைப்புச் சட்டப்படி நிலம் பாசூத்தோ மக்கள் அனைவருக்கும் பொதுவானது. அவர்கள் சார்பில் மன்னரின் பொறுப்பில் உள்ளது. எனவே கூடாரம் அடிப்பதற்கு முன் ஊர்த்தலைவரைக் கண்டு அனுமதி பெறுவதே முறை. பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். கூரை வேய்ந்த வட்டக் குடிசை ஒன்றிலேயே தங்கச் சொல்வதும் உண்டு. அப்படித் தங்கினால் உரிய தொகையைக் கொடுத்துவிடுங்கள். தென்னாப்பிரிக்க ராண்டும் அங்கே செல்லும்.

யாரையும் வணக்கம் சொல்லாமல் கடந்து போவது மரியாதைக் குறைவு. ஆண்களை ‘டுமேலா ந்தாடே’ என்றும், பெண்களை ‘டுமேலா ம்மே’ என்றும் வணங்கி, நின்று நலம் விசாரித்த பிறகே வழி கேட்க வேண்டும். கம்பத்தில் வெள்ளைத் துணி பறக்கும் வீட்டைக் கண்டால், அங்கே உள்ளூர்ச் சோளக் கள் விற்பனைக்கு இருக்கிறது என்று பொருள். மனம் விட்டுப் பேச அதைவிட நல்ல இடம் கிடையாது என்பது என் கருத்து. பேச்சில் கலந்துகொள்ளக் குடித்தே ஆக வேண்டும் என்பதில்லை.

கல்பாதை:
மலைவாசி சொன்னதை ஏற்கிறேன்; மிட்டாய் பற்றி அவர் ஒன்றும் கூறாததால் சேர்த்துச் சொல்கிறேன். தயவுசெய்து எடுத்துச் செல்லாதீர்கள். பயணிகள் கொடுத்துக் கொடுத்தே சில ஊர்களில் குழந்தைகள் கை நீட்டிக்கொண்டு பின்தொடரும் வழக்கம் உண்டாகிவிட்டது. கம்பளி போர்த்தி மேய்ச்சல் நிலத்தில் நிற்கும் மேய்ப்பர் பையன்களோடு அமர்ந்து உங்கள் உணவைப் பகிர்ந்து உண்பது வேறு, போகிற போக்கில் வீசிவிட்டுப் போவது வேறு. கிராமத்துக்கு ஏதேனும் செய்ய விரும்பினால் பொதி சுமக்க அங்கேயே மட்டக்குதிரையை வாடகைக்கு எடுங்கள், வீடுகளில் மக்காச்சோளக் களியும் கீரையும் வாங்கி உண்ணுங்கள்.

ஒளிப்படம் எடுக்கும் முன் கேட்பது எங்கும் பொருந்தும். இங்கே மற்றொன்றும் உண்டு: சிறுவர்கள் பருவமடைதல் சடங்குக்காக ஊருக்கு வெளியே மலைகளில் தனித்துத் தங்கும் இடங்களை வெளியார் நெருங்கக் கூடாது. வழிகாட்டி திடீரென்று வேறு பாதையில் திரும்பச் சொன்னால், காரணம் கேட்டு வாதாடாமல் திரும்பிவிடுங்கள்.

தென்திசை:
ஏப்ரல் நல்ல தேர்வு. நவம்பர் முதல் மார்ச் வரை பிற்பகல்களில் இடியும் மின்னலும் மிகுதி. ஓடைகளும் சட்டென்று பெருகிவிடும். ஆனால் முழு நாடுமே 1,000 மீட்டருக்கு மேல் அமைந்திருப்பதால் ஏப்ரல் இரவுகளிலும் கடுங்குளிர் இருக்கும். நல்ல உறங்கும் பை அவசியம். ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்பகுதியிலேயே மிக உயர்ந்த சிகரமான 3,482 மீட்டர் தபானா ந்ட்லென்யானாவும் திட்டத்தில் இருந்தால், சானி கணவாய் வழியாக வாருங்கள். அந்தச் சாலையில் நான்கு சக்கர இயக்க வாகனம் தேவை. மேலும், லெசோத்தோவைச் சுற்றிலும் தென்னாப்பிரிக்காவே இருப்பதால், உங்கள் தென்னாப்பிரிக்க விசா ஒருமுறைக்கு மேல் நுழைய அனுமதிக்கிறதா என்பதைப் பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.