புதுப்பிப்பு: மகள் பட்டம் வாங்கிய விருந்து, காரைக்குடியில்

மகள் பட்டம் வாங்கியதற்கு வீட்டிலேயே விருந்து, 60 பேருக்கு எளிமையாக என்ன செய்யலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். நேற்று நல்லபடியாக முடிந்தது.

பலர் சொன்ன வெள்ளைப் பணியாரத்தை விட்டுவிட்டோம். ஒவ்வொரு கரண்டியாக எண்ணெயில் ஊற்றி எடுக்க வேண்டும். யாராவது ஒருவர் அடுப்படியிலேயே நிற்க வேண்டியதுதான். அதற்குப் பதில் இட்லி, தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காயை வேகவைத்து மசித்துச் செய்யும் கோசமல்லி. ஆறினாலும் கோசமல்லி ருசிக்கும், காலையிலேயே வைத்துவிடலாம்.

இனிப்புக்குக் கவுனி அரிசி, அதாவது கறுப்பரிசி. முதல் நாள் இரவே ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரிலேயே வேகவைத்தேன். நிறமே அதில்தான் இறங்கியிருக்கும். நன்றாகக் குழைந்த பிறகுதான் சர்க்கரை. அப்புறம் தேங்காய்த் துருவல், நெய். மகளின் தோழிகள் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார்கள். மனசு நிறைந்துவிட்டது.

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.