2014 ஈகோஸ்போர்ட் டீசல்: ஆன்லைனில் வாங்கிய கூலன்ட் டேங்க்கில் கடைசி எழுத்து மாறியிருக்கிறது, மாட்டலாமா?

தாமிரபரணிக்கரை (கேள்வி)

வணக்கம். வண்டி ஃபோர்டு ஈகோஸ்போர்ட், 2014, 1.5 டீசல். கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) டேங்க்கின் இரண்டு பாதிகளும் ஒட்டும் தையலில் மெல்லிய வெடிப்பு. வண்டி ஓடி நின்ற பிறகு அந்த இடத்தில் ஆரஞ்சு நிறத்தில் கசிந்து காய்ந்திருக்கிறது. சூடு எச்சரிக்கை எதுவும் இதுவரை வரவில்லை. பத்து வருடத்துக்கு மேல் வெந்த பிளாஸ்டிக், அதன் ஆயுள் அவ்வளவுதான் என்கிறார் மெக்கானிக்.

திருநெல்வேலியில் மாருதி, ஹூண்டாய் சாமான் என்றால் கேட்டதும் எடுத்துத் தருகிறார்கள். ஃபோர்டு என்றால் "சொல்லி வைங்க, வந்தா கூப்பிடுறோம்" என்பதுதான் பதில். அதனால் ஒரு தளத்தில் 'ஒரிஜினல்' என்று போட்டிருந்ததை வரவழைத்தேன். அளவு, குழாய் வாய்கள், மூடி மரை எல்லாம் பொருந்துகிறது. பழையதிலும் புதியதிலும் பார்ட் எண்ணின் நடுத் துண்டு 8கே218 தான். ஆனால் கடைசி எழுத்து பழையதில் பி, புதியதில் சி. "எழுத்து மாறினா டூப்ளிகேட், திருப்பி அனுப்பிடு" என்று மெக்கானிக் அண்ணன் சொல்லிவிட்டார். திருப்பி அனுப்பும் கெடு இந்த வாரத்தோடு முடிகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடைசி கியர்

ஆன்லைனில் வாங்கினால் இப்படித்தான். சென்னை வந்தால் புதுப்பேட்டையில் ஒரு சுற்று சுற்றுங்கள், கம்பெனி டேங்க்கே பாதி விலைக்குக் கிடைக்கும். கண்ணால் பார்த்து வாங்கலாம்.

கவுன்டர்_கோவை

புதுப்பேட்டையில் கிடைப்பது இன்னொரு பழைய வண்டியிலிருந்து கழற்றியது நண்பரே. கதவு, ஹெட்லைட், கண்ணாடி, சீட் என்றால் நானே அங்கே போகச் சொல்வேன். சூட்டில் கிடந்த பிளாஸ்டிக்கும் ரப்பரும் அங்கே வாங்கக் கூடாது. இவருடையது வெடித்த அதே வயதில்தான் அதுவும் இருக்கும்.

தாமிரபரணி சார், நான் ஸ்பேர்ஸ் கடை கவுன்டரில் வேலை பார்ப்பவன். எழுத்து மாறியதை மட்டும் வைத்து டூப்ளிகேட் என்று சொல்ல முடியாது. ஃபோர்டு எண்ணுக்கு மூன்று துண்டு. முதல் துண்டு எந்த வடிவமைப்புக்காக உருவானது என்பதைச் சொல்லும். அதில் முதல் எழுத்து ஆண்டு: ஏ என்றால் 2010, பி 2011, சி 2012. நடுத் துண்டு என்ன சாமான் என்பது. 8கே218 என்றால் எந்த ஃபோர்டிலும் கூலன்ட் டேங்க்தான். கடைசித் துண்டின் கடைசி எழுத்து திருத்தம். வார்க்கும் அச்சில் சிறு மாற்றம் செய்தால்கூட பி போய் சி வரும். பொதுவாக சி வந்த பிறகு பி-யைத் தயாரிக்க மாட்டார்கள், பி கேட்டாலும் சி-யைத்தான் தருவார்கள். கடைசித் துண்டின் முதல் எழுத்து மாறியிருந்தால்தான் யோசிக்க வேண்டும், அது வேறு இன்ஜினுக்கோ வேறு வகை வண்டிக்கோ உரியதாக இருக்கலாம்.

உறுதி செய்ய ஒரே வழி சேஸிஸ் எண். ஆர்.சி.யில் 17 எழுத்தாக, எம்ஏஜே என்று ஆரம்பிக்கும். அதை ஃபோர்டு பார்ட்ஸ் கவுன்டர் எதிலாவது கொடுத்தால் உங்கள் வண்டிக்கு இப்போது எந்த எண் செல்லும் என்று கணினியில் பார்த்துச் சொல்வார்கள். வாங்கியே ஆக வேண்டும் என்றில்லை, போனில் கேட்டாலே சொல்பவர்கள் உண்டு. 'ஈகோஸ்போர்ட் டீசல் 2014' என்று தேடி, படத்தைப் பார்த்து வாங்குவதுதான் ஆன்லைனில் பாதிப் பிரச்சினைக்குக் காரணம். எண்ணைப் போட்டுத் தேடுங்கள்.

தாமிரபரணிக்கரை

ரொம்ப நன்றி. மாறியது கடைசி எழுத்து மட்டும்தான். மதுரைக் கவுன்டர் ஒன்றுக்கு சேஸிஸ் எண்ணை அனுப்பியிருக்கிறேன். ஆனால் எண் சரியாக இருந்தாலும் டூப்ளிகேட்டில் அதே எண்ணை அச்சடிக்க முடியுமே?

கவுன்டர்_கோவை

முடியும். ஸ்டிக்கரில் அச்சடிப்பது சுலபம், பிளாஸ்டிக்கிலேயே வார்ப்பதற்குச் செலவு அதிகம். டேங்க்கின் உடம்பிலேயே எண் புடைப்பாக இருக்கிறதா, பக்கத்தில் ஃபோமோகோ (ஃபோர்டு மோட்டார் கம்பெனி என்பதன் சுருக்கம்) முத்திரை இருக்கிறதா, வார்த்த மாதம் காட்டும் சின்ன வட்டம் இருக்கிறதா பாருங்கள். தையல் ஓரத்தில் பிசிறு இல்லாமல் ஒரே அகலத்தில் ஓட வேண்டும். பெட்டியில் எம்.ஆர்.பி., மாதம், ஆண்டு, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் முகவரி இருக்க வேண்டும். பில்லில் விற்றவரின் ஜிஎஸ்டி எண் இல்லையென்றால் யோசிக்கவே வேண்டாம், திருப்பி அனுப்புங்கள்.

இன்னொன்று. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்கள் எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். முன்பு பலவற்றுக்கு 28. புது பில்லில் 28 போட்டிருந்தால் கேளுங்கள்.

மறைமலை மைந்தன்

2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்ததிலிருந்து எங்கள் வீட்டு ஃபிகோவுக்கும் இதே கதைதான். சர்வீஸும் பார்ட்ஸும் தொடரும் என்றார்கள், தொடரவும் செய்கிறது. ஆனால் சிறிய ஊர்க் கடைக்காரர் வருடத்துக்கு இரண்டு விற்கும் சாமானில் ஏன் பணம் போட்டு வைப்பார்? ஷெவர்லே 2017-இல் விற்பனையை நிறுத்தியபோது பீட் வைத்திருந்தவர்களுக்கும் இதுதான் நடந்தது. ஆன்லைன் கடைக்கு அந்தக் கஷ்டம் இல்லை, நாடு முழுக்க உள்ள ஆட்களுக்கு ஒரே இடத்திலிருந்து விற்கலாம். வேடிக்கை என்னவென்றால், மறைமலை நகரில் செய்த வண்டிக்கு டில்லி காஷ்மீரி கேட் உதிரிபாகச் சந்தையிலிருந்து பார்சல் வருகிறது.

கவுன்டர்_கோவை

உண்மையைச் சொன்னால் ஓடாத மாடல் சாமானை எங்கள் கடையும் அதே தளங்களில்தான் எடுக்கிறது, மேலே கொஞ்சம் வைத்து விற்கிறோம். தவறு வந்தால் நாங்கள் மாற்றித் தருகிறோம், அதற்குத்தான் அந்தக் காசு.

சட்டம்_கொஞ்சம்

திருப்பி அனுப்ப நேர்ந்தால்: 2020-இன் நுகர்வோர் மின்வணிக விதிகளின்படி, பொருள் போலியாகவோ பழுதாகவோ விளம்பரத்தில் சொன்னதற்கு மாறாகவோ இருந்தால் விற்றவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். மாட்டிப் பார்த்த சாமானுக்கு வாதாடுவது கஷ்டம், முடிவு தெரியும்வரை கூலன்ட் ஊற்ற வேண்டாம்.

தாமிரபரணிக்கரை

மதுரையிலிருந்து பதில் வந்துவிட்டது. என் சேஸிஸ் எண்ணுக்கு இப்போது கணினியில் காட்டுவது சி தான், பி நின்றுவிட்டதாம். புடைப்பு எண்ணும் ஃபோமோகோ முத்திரையும் இருக்கின்றன. பில்லில் ஜிஎஸ்டி எண் இருக்கிறது. மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன், "அப்போ போட்டுடலாம், மூடியையும் சேர்த்து மாத்து" என்றார். மூடி அவசியமா? கூலன்ட் பச்சையை ஊற்றலாமா?

கவுன்டர்_கோவை

மூடியை மாற்றுங்கள். அதன் வால்வு சிக்கினால் அழுத்தம் ஏறி புது டேங்க்கும் வெடிக்கும். பழைய மூடியில் உள்ள அழுத்த எண்ணே புதியதிலும் இருக்க வேண்டும். பச்சை வேண்டாம், உள்ளே இருப்பது ஆரஞ்சு. டப்பாவில் டபிள்யூஎஸ்எஸ்-எம்97பி44-டி என்ற ஃபோர்டு தரக் குறியீடு இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். மாட்டிய பிறகு ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து இன்ஜினை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றச் சொல்லுங்கள். மறுநாள் காலை, குளிர்ந்த இன்ஜினில் அளவு பாருங்கள், கொஞ்சம் இறங்கியிருக்கும். சூடாக இருக்கும்போது மட்டும் மூடியைத் தொடாதீர்கள்.