4294967297: உங்களுக்கு எங்கே அகப்பட்டது?

கல்லூரியில் ஃபெர்மா எண்கள் (2¹+1, 2²+1, 2⁴+1, 2⁸+1 என்று அடுக்கு இரட்டிப்பாகிக்கொண்டே போகும் எண்கள்) நடத்தும்போது 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள், அடுத்து வரும் 2³²+1, அதாவது 4294967297, பகு எண், 1732-இல் ஆய்லர் அதை 641-ஆல் வகுத்துக் காட்டினார் என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டார்கள். பத்து இலக்க எண்ணுக்கு 641 எப்படிச் சிக்கியது? அதை யாரும் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். இந்த எண்ணுக்குப் பகாக் காரணி இருந்தால், அதை 64-ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தே தீர வேண்டும். உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன்: 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இதில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 மட்டும்தான். ஐந்தாவது வகுத்தலிலேயே கதை முடிந்தது! எல்லா ஃபெர்மா எண்களும் பகா எண்கள் என்று நம்பிய ஃபெர்மா இந்த ஐந்து கணக்கைப் போட்டுப் பார்க்காமல் போனாரே என்று எனக்கு இன்னும் ஆற்றாமைதான்.

—

ஐந்துகூட வேண்டாம் நண்பரே. லூக்காஸ் என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் பின்னாளில் 64-ஐ 128 ஆக்கினார். அப்படிப் பார்த்தால் 257-உம் 641-உம்தான் மிச்சம். 257 ஒரு ஃபெர்மா எண். எந்த இரண்டு ஃபெர்மா எண்களுக்கும் 1-ஐத் தவிரப் பொதுக் காரணி கிடையாது. ஆக, முதல் வெட்டே 641.

—

வகுத்துப் பார்க்காமலேயே காட்டலாம். மாணவர்களிடம் 641-ஐ இரண்டு விதமாக எழுதச் சொல்வேன்: 5×2⁷+1, 5⁴+2⁴. 641-ஆல் வகுத்து வரும் மீதியை மட்டும் பார்த்தால், முதலாவது 5×2⁷ என்பது −1 என்கிறது. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴×2²⁸ = 1. இரண்டாவதிலிருந்து 5⁴ = −2⁴. அதைப் போட்டால் −2³² = 1. நான் கடைசி வரியை எழுதி முடிப்பதற்குள் பின் பெஞ்சிலிருந்து "சார், பூஜ்யம்!" என்று குரல் வந்துவிடும். வருடா வருடம் அலுக்காத பாடம்.

—

நான் ப்ரோகிராமர். 32 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் 4294967295-ஐத் தினமும் பார்க்கிறேன். அது 3×5×17×257×65537, அதாவது இதுவரை தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் அத்தனையின் பெருக்கல் என்று தெரிந்த அன்று வேலை ஓடவில்லை. கூட இரண்டு சேர்த்தால் நம்ம ஆள்.

பகா எண் சோதனைக்கு யார் ப்ரோகிராம் எழுதிக் கொண்டுவந்தாலும் முதலில் இந்த எண்ணைத்தான் கொடுப்பேன். ஃபெர்மாவின் சிறிய தேற்றத்தை (n பகா எண் என்றால், n-ஆல் வகுபடாத எந்த எண்ணையும் n−1 அடுக்குக்கு உயர்த்தி n-ஆல் வகுத்தால் மீதி 1) 2-ஐ மட்டும் வைத்துச் சோதிக்கிற ப்ரோகிராம் "பகா எண்" என்று அடித்துச் சொல்லும். 2³²-இன் மீதி −1, 2⁶⁴-இன் மீதி 1. அப்புறம் எத்தனை தடவை வர்க்கப்படுத்தினாலும் 1-தான். ஃபெர்மாவின் எண் ஃபெர்மாவின் சோதனையையே ஏய்க்கிறது, பாருங்கள்.

—

2-க்குப் பதில் 3-ஐ வைத்தால்?

—

மாட்டிக்கொள்ளும். 3 போதும்.